மணற் சித்திரமும் கம்பளி விரிப்பும்: நவாகோ மக்களின் நெசவுக் கலை பற்றி ஒரு விமரிசனம்

ஒரு மக்கட் கூட்டத்தாரின் கைவினைப் பொருள் அவர்தம் கையை விட்டு நீங்கிப் பிறருடைய மாளிகைச் சுவரைச் சென்றடையும்போது, பொருளோடு சேர்த்து அதற்கொரு விளக்கமும் விற்கப்படுவது உலக வழக்கு. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே வாழும் நவாகோ மக்கள் நெய்யும் கம்பளி விரிப்புகளுக்கு இவ்வழக்கு நன்கு பொருந்தும். ‘நெளிந்து செல்லும் இக்கோடு மின்னல், மின்னல் மழைக்கான வேண்டுதல். மூலைகளிலுள்ள நான்கு சதுரங்களும் நான்கு புனித மலைகள். நடுவிலுள்ள பெட்டி உலகத்தின் மையம்’ என்று கடைக்காரர் கூற, வாங்கியவர் விரிப்போடு ஒரு மதத்தையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அறிஞருள் ஒரு சாரார் இதனை மறுத்து, இவ்விரிப்புகளிற் குறியீடு எதுவும் இல்லை, இவை சந்தைக்கென நெய்யப்பட்ட அலங்காரங்களே என்றனர். பின்வந்த இன்னொரு சாரார், நவாகோ மக்களுக்கு ஆக்கப்பட்ட பொருள் முக்கியமன்று, ஆக்குகின்ற செயலே அழகு என்றனர். மூன்று கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் நெய்தவள் யார், அவள் அதனை ஏன் விற்றாள் என்ற வினாவுக்கு இம்மூன்றும் உரிய இடம் கொடுக்கவில்லை. அவ்வினாவை முன்வைத்தே நவாகோ மக்களின் நோய்தீர் சடங்குகளுக்கும் நெசவுக்குமுள்ள உறவை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நவாகோ என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் தம்மை ‘டினே’ என்பர். மக்கள் என்பதே அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிற் பரந்து கிடக்கும் அவர்களுடைய நிலம் இலங்கைத் தீவினும் சற்றுப் பெரியது. 2021ஆம் ஆண்டில் அவர்களுட் பதிவு பெற்றோர் தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம். மழை குன்றிய மேட்டு நிலமும் செம்பாறைப் பள்ளத்தாக்குகளும் செம்மறி மந்தைகளுமே அவர்தம் உலகம். தாயகத்தின் எல்லையை நான்கு மலைகள் குறிக்கின்றன. கிழக்கே பிளாங்கா, தெற்கே டெய்லர், மேற்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள், வடக்கே ஹெஸ்பிரஸ். கிழக்குக்கு வெண்மை, தெற்குக்கு நீலம், மேற்குக்கு மஞ்சள், வடக்குக்குக் கருமை என ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம் உண்டு. குலம் தாய்வழி வருவது. மந்தையிற் பெரும்பங்கும் தறியும் பெண்ணுக்கு உரியவை. இப்பொருளாதார உண்மையை மனத்திற் கொள்ளாது நவாகோ நெசவைப் பற்றிப் பேசுவது பயனற்றது.

அவர்களுடைய வாழ்வு முழுவதையும் தாங்கி நிற்கும் சொல் ‘ஹோஷோ’ என்பது. அழகு, ஒழுங்கு, நலம், இசைவு என நாம் வேறு வேறாகப் பிரித்துப் பேசும் யாவும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். நோய் என்பது அவ்வொழுங்கின் குலைவு. மின்னல் தாக்கிய மரத்தை அணுகியமையாலோ, பகைவனின் பிணத்தைத் தீண்டியமையாலோ, எச்செயலிலும் அளவு கடந்தமையாலோ இசைவு கெடலாம். கெட்டதை மீட்டு நிறுத்துவதே சடங்கின் நோக்கம். சடங்கை நடத்துபவரை ‘ஹத்தாலி’ என்பர்; பாடுபவர் என்பது பொருள். ஆசி வழி, இரவு வழி, மலை வழி, பகைவர் வழி என்றவாறு பெயர் பெற்ற சடங்குகள் பல. இரவு வழி ஒன்பது இரவுகள் நீள்வது. உறைபனி வீழ்ந்தபின் கூதிர்காலத்திலும் மாரியிலுமே நடைபெறுவது. நூற்றுக்கணக்கான பாடல்களையும் வேண்டுதல்களையும் ஒரு சொல்லும் பிறழாது நினைவிலிருத்தல் பாடுபவரின் கடமை. ஒரு பெருஞ் சடங்கைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் செல்லும்.

இச்சடங்குகளின் நடுநாயகமாக விளங்குவது மணற் சித்திரம். பொடித்த செங்கல், மஞ்சட்கல், வெண்கல், கரி ஆகியவற்றின் துகளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வழியவிட்டு, மணல் பரப்பிய தரைமீது தெய்வங்களின் உருவங்கள் வரையப்படும். பலர் கூடி உழைத்துப் பல மணி நேரத்தில் முடிப்பர். வானவில் ஒன்று காவலாக மூன்று பக்கமும் வளைந்து நிற்கும். கிழக்குப் பக்கம் திறந்திருக்கும். நோயாளி அச்சித்திரத்தின் நடுவே அமர்வர். பாடுபவர் தெய்வ உருவத்தின் பாதத்திலுள்ள மணலை எடுத்து நோயாளியின் பாதத்திலும், கையிலுள்ளதைக் கையிலும், தலையிலுள்ளதைத் தலையிலும் அப்புவர். முன்னொரு காலத்தில் இதே துன்பத்தை அனுபவித்துத் தெய்வங்களால் மீட்கப்பட்ட ஒரு வீரனின் கதையினுள் நோயாளி இவ்வாறு சேர்த்துக்கொள்ளப்படுகின்றார். சடங்கின் அப்பகுதி முடிந்ததும் சித்திரம் கலைக்கப்பட்டு, மணல் வெளியே கொண்டு செல்லப்படும். அதன் வேலை முடிந்தது. ஆதலால் அதன் வாழ்வும் முடிந்தது. பிரதி எடுத்து வைப்பது மரபன்று. அடுத்த நோயாளிக்கு அது நினைவினின்று மீண்டும் பிறக்கும்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடும் முற்போக்காளர் நம்மிடையே உளர். அவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சடங்கு நடைபெறும்போது சுற்றத்தார் யாவரும் கூடுகின்றனர், உணவு சமைக்கின்றனர், செலவைப் பகிர்கின்றனர். தனித்து நோயுற்றுக் கிடந்தவர் ஒரு சமுதாயத்தின் நடுவே இருத்தப்படுகின்றார். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட நவாகோ இளைஞருக்குப் பகைவர் வழிச் சடங்கு செய்யப்பட்டமை பலரும் அறிந்த செய்தி. கொலையைக் கண்டு திரும்பிய மனத்துக்கு மீண்டும் ஊரோடு ஒட்டி வாழ ஒரு வாயிலை அது அமைத்துக் கொடுத்தது. மறுபுறம், காசநோய்க் கிருமியை மணற் சித்திரம் கொல்லாது என்பதும் உண்மையே. 1951இல் நவாகோ மன்றத்துக்குத் தெரிவான அன்னி வானெகா என்னும் அம்மையார் இதனை அறிந்து செயற்பட்டார். பாடுபவர்களைப் பகைக்காது, அவர்களோடு அமர்ந்து பேசி, காசநோயாளர் மருத்துவமனையை நாடும்படி செய்தார். 1963இல் அமெரிக்க சனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மக்களை இழிவு செய்யாது அவர்களிடம் விஞ்ஞானத்தைக் கொண்டு செல்லும் வழிக்கு அவர் பணி ஒரு பாடம்.

இனி நெசவுக்கு வருவோம். சிலந்திப் பெண் என்னும் தெய்வமே நெய்யக் கற்பித்தாள் என்பது மரபுக்கதை. தறியை எவ்வாறு அமைப்பதெனச் சிலந்தி ஆண் சொல்லிக் கொடுத்தான். மேற்கட்டையும் கீழ்க்கட்டையும் வானத்தாலும் பூமியாலும் ஆனவை; பாவைத் தாங்கும் கோல்கள் ஞாயிற்றின் கதிர்கள்; நூலைப் பிரிக்கும் விழுதுகள் பளிங்கும் மின்னலும்; ஊடையை இறுக்கும் சீப்பு வெண்சிப்பி. அரிசோனாவில் டி ஷே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கும் செம்பாறைத் தூண் அவள் வதியும் இடமென்பர். இக்கதையிற் குறிக்கத்தக்கது ஒன்றுண்டு. உலகமாக வருணிக்கப்படுவது தறியே. துணியில் வரும் உருவம் அன்று. மின்னலும் வானும் விரிப்பின் கோலத்தில் அல்ல, உழைப்பின் கருவியில் வைக்கப்பட்டுள்ளன. தறியின் முன் அமர்பவள் உலகத்தை ஒழுங்கு செய்பவளாகின்றாள். அளவு கடந்து நெய்தால் அதுவும் இசைவைக் குலைக்கும். அதற்கும் சடங்கு உண்டு. இவ்வகையில் நெசவும் நோய்தீர் சடங்கும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள்.

கதை ஒருபுறமிருக்க, வரலாறு கூறுவது வேறு. நவாகோ மக்கள் நெசவை அயலிலுள்ள புவெப்லோ மக்களிடம் கற்றனர். 1680இல் புவெப்லோ மக்கள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். சில ஆண்டுகளில் ஸ்பானியர் மீண்டும் வெற்றி கொள்ள, அகதிகள் பலர் நவாகோ நிலத்திற் புகலடைந்தனர். செம்மறி ஆடோ ஸ்பானியர் கொணர்ந்தது. புவெப்லோவில் ஆண்கள் நெய்தனர். நவாகோவிற் பெண்கள் நெய்தனர். அடர்சிவப்பு நூலுக்காக, வணிகத்தில் வந்த பயேற்றா என்னும் ஐரோப்பியச் செந்துணியை இழை இழையாகப் பிரித்து நெய்தனர். 1860க்கு முற்பட்ட இத்தகைய செந்நூல்கள் பலவற்றில் அரக்குச் சாயம் காணப்படுகின்றது. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மரக்கிளைகளில் வளர்க்கப்படும் பூச்சி தரும் சாயம் அது. நம் பக்கத்து உழைப்பாளியின் கைப்பொருள் ஐரோப்பிய ஆலை வழியாக நவாகோ போர்வையைச் சென்றடைந்தது. ஆகவே ‘வெளிக்கலப்பற்ற தூய மரபு’ என்று வியாபாரி கூவுவது வெறும் புனைவு. கலப்பை ஏற்றுத் தனதாக்கிக் கொண்டமையே இக்கலையின் ஆற்றல்.

இவ்வாற்றல் அமைதியில் வளர்ந்ததன்று. 1805இல் முயேர்ட்டோ பள்ளத்தாக்கின் குகையொன்றில் ஒளிந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை ஸ்பானியப் படை கொன்றது. அங்கே கிடைத்த போர்வைத் துண்டுகள், காலம் உறுதியாகத் தெரிந்த பழைய நவாகோ நெசவுச் சான்றுகளுட் சில. பின்னர் 1863-64இல் அமெரிக்கப் படை கிட் கார்சனின் தலைமையில் வயல்களை எரித்து, மந்தைகளை அழித்து, எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரை நியூ மெக்சிக்கோவின் கிழக்கேயுள்ள பொஸ்கே ரெடொண்டோவுக்கு நடத்திச் சென்றது. 300 மைலுக்கு மேற்பட்ட அந்நடை ‘நெடுநடை’ என வழங்கும். சிறையிருப்பில் பசியாலும் நோயாலும் பலர் மடிந்தனர். விடுதலைக்கு முன் அங்கே ஒரு சடங்கு நடந்ததென வாய்மொழி மரபு கூறும். ஓநாயினமான கயோட்டி ஒன்றைச் சூழ்ந்து பிடித்து, அதன் வாயில் வெண்சிப்பி மணியொன்றை வைத்து விடுவித்தனராம். அது மேற்கு நோக்கி, தாயகத்தின் திசையிற் சென்றதாம். 1868 யூன் 1இல் உடன்படிக்கை கைச்சாத்தாகி மக்கள் ஊர் திரும்பினர். சடங்கு, நோயுற்ற ஒருவருக்கு மட்டுமன்றி, சிதைக்கப்பட்ட ஓர் இனத்துக்கும் மருந்தாகலாம் என்பதற்கு இக்கதை சான்று.

திரும்பியவர்களை வரவேற்றவர் வணிகர். 1880களின் தொடக்கத்திற் புகையிரதம் அப்பகுதியை எட்டியது. ஆலைப் போர்வைகள் மலிவாக வந்து குவிந்தன. உடுப்பதற்கென நெய்த போர்வைக்கு மதிப்பு வீழ்ந்தது. கிழக்கு நகரங்களின் வீடுகளுக்கு நிலவிரிப்பாக நெய்தால் வாங்கலாம் என்றனர் வணிகர். கனாடோவில் லொரென்சோ ஹபெல், கிறிஸ்டலில் ஜே. பி. மூர் ஆகியோர் இவருட் பேர்பெற்றவர். ஹபெல் தமக்கு விருப்பமான கோலங்களைச் சிறு ஓவியங்களாக வரைவித்துச் சுவரில் மாட்டினார். நெசவுப் பெண்கள் அவற்றைப் பார்த்து நெய்தனர். மூர் 1903இலும் 1911இலும் படப்பட்டியல்கள் அச்சிட்டு அஞ்சல் வழி விற்றார். காக்கேசியக் கம்பளங்களின் பாங்கும் சுற்றுக்கரையும் அக்காலத்திலேயே புகுந்தன. விரிப்புகள் பெரும்பாலும் இறாத்தற் கணக்கில் நிறுக்கப்பட்டன. விலை கோதுமை மாவாகவும் கோப்பியாகவும் சீனியாகவும் கடைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஆடு வளர்த்து, மயிர் கத்தரித்து, கழுவி, சிக்கெடுத்து, நூற்று, சாயமிட்டு, மாதக்கணக்கில் நெய்தவளின் உழைப்பு தராசில் கம்பளி எடையாகச் சுருங்கியது. நிறை கூடுவதற்காகக் கழுவாத கம்பளியை நெய்கிறார்கள் என்று வணிகர் முறையிட்டனர். நிறைக்கே விலை என்று விதித்தவர் வேறு எதனை எதிர்பார்த்தனர் என்பது விளங்கவில்லை.

குறியீட்டு விளக்கங்கள் கொழுத்ததும் இச்சந்தையிலேதான். முன்னே குறித்த நடுப்பெட்டியும் நான்கு மூலைச் சதுரமும் மின்னற் கோடும் கொண்ட கோலம் ‘புயற் கோலம்’ எனப்படும். அது மூரின் 1911ஆம் ஆண்டுப் பட்டியலில், நவாகோ புராணத்தின் ஒரு கூறு என்ற குறிப்போடு வெளிவந்தது. வாங்குபவர் கதை வேண்டினார்; வணிகர் கதை கொடுத்தார். ‘சுழலும் மரம்’ என்னும் குறியின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. இரவு வழிச் சடங்கின் மணற் சித்திரத்தில் வருவது அது. ஆற்றுச் சுழியிற் குறுக்கிட்டுச் சுழலும் இரு மரங்களைக் காட்டுவது. வடிவில் நாம் அறிந்த சுவஸ்திகத்தை ஒத்தது. பயணிகள் விரும்பியமையால் விரிப்பிலும் வெள்ளி நகையிலும் அது பெருகியது. நாசிகள் அதனைத் தம் கொடியாக்கிய பின், 1940 பெப்ரவரியில் நவாகோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பாகோ இனத்தவரின் பிரதிநிதிகள் அக்குறியைத் தம் கைவினைகளில் இனிப் பயன்படுத்துவதில்லை என எழுதிக் கையொப்பமிட்டனர். குறியின் பொருள் குறியினுள்ளேயே நிலையாக உறைவதன்று, அதனைக் கையாளும் சமுதாயத்திலேயே உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வியாபாரியின் புனைவுகளை மறுத்தவருள் முதன்மையானவர் கிளாடிஸ் றைக்கார்ட் என்னும் மானிடவியலறிஞர். 1930 முதல் கனாடோவுக்கு அருகே மிகெலிற்றோ என்னும் பாடுபவரின் குடும்பத்தோடு கோடைகாலங்களில் தங்கித் தாமே தறியில் அமர்ந்து நெசவு கற்றவர். 1934இல் வெளிவந்த ‘சிலந்திப் பெண்’, 1936இல் வெளிவந்த ‘நவாகோ இடையரும் நெசவாளரும்’ ஆகிய நூல்கள் அவ்வனுபவத்தின் பயன். விரிப்பிலுள்ள உருவங்களுக்கு நெசவுப் பெண்கள் சமயப் பொருள் கூறுவதில்லை. வழங்கும் பெயர்கள் வசதிக்கென இட்ட பெயர்களே என்பது அவர் முடிவு. அதே அறிஞர் 1950இல் நவாகோ சமயத்தின் குறியீடுகளைப் பற்றி இரு தொகுதிகளிற் பெருநூல் எழுதினார் என்பதை நோக்க, அவரது மறுப்பின் மதிப்பு விளங்கும். குறியீட்டை அறியாதவர் அல்லர் அவர். எனினும் ‘சடங்கு புனிதம், விரிப்பு சந்தைச் சரக்கு’ என்ற பிரிவினை அவருக்குப் பின் மிகையாக வலியுறுத்தப்பட்டது. கதி மெக்ளோஸ்கி 2002இல் வெளியிட்ட நூலில் இதனைக் கண்டித்து, நெசவையே ஹோஷோவினின்று பிரித்துக் கேவலம் துணைவருமானமாகக் காட்டியதன் மூலம் பெண்களின் உழைப்புச் சுரண்டலும் மறைக்கப்பட்டது என வாதிட்டார். இவ்வாதம் ஏற்புடையதே. குறி இல்லை என்பதனால் பொருள் இல்லை என்றாகிவிடாது.

இதற்குச் சான்றாக, விரிப்பிலுள்ள ஒரு மெல்லிய கோட்டை எடுத்துக்கொள்வோம். வணிகர் வேண்டியபடி நாற்புறமும் கரையிட்ட விரிப்பை நெய்யும் பெண்களுட் பலர், உட்புலத்தின் நிறத்தில் ஒற்றை நூலைக் கரையை ஊடறுத்து விளிம்புவரை செலுத்துவர். பெரும்பாலும் மேல்மூலையொன்றின் அருகே அது காணப்படும். ‘நெய்பவளின் வழி’ என்று அதனை அழைப்பர். சிந்தையையும் ஆற்றலையும் செலுத்தி நெய்த பொருளினுள் அவை அடைபட்டுவிடாது, அடுத்த படைப்புக்கு வெளியேற வழிவிடுவது அது. பழைய போர்வைகளிற் கோடுகளும் படிக்கட்டு வடிவங்களும் விளிம்புவரை தாமே ஓடின, சுற்றுக்கரை இல்லை, ஆகவே இவ்வழியும் தேவைப்படவில்லை. கரை சந்தையின் கட்டளை. அக்கட்டளைக்கு மறுமொழி சடங்கின் உலகிலிருந்து வந்தது. மணற் சித்திரத்தின் வானவிற் காவல் கிழக்கே திறந்திருப்பதை முன்னே கண்டோம். சடங்கிற் பயன்படும் கூடையிலும் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு திறப்பு விடப்பட்டு, அது கிழக்கு நோக்கி வைக்கப்படும். அடைத்தல் ஆகாது என்னும் அதே விதியே வணிகரின் சரக்கினுள்ளும் நுழைந்துள்ளது. வாங்குபவர் பலர் இக்கோட்டைப் பிழை என எண்ணினர். விரிப்பின் கோலம் முழுவதும் வணிகருடையதாயிருக்க, அவர் பிழையெனக் கண்ட ஒரு நூலே நெய்தவளுடையது.

சடங்கும் நெசவும் நேருக்கு நேர் சந்தித்த வாழ்வு ஹொஸ்தீன் கிளாவின் வாழ்வு. 1867இல் பிறந்த இவர் புகழ்பெற்ற பாடுபவர். இரவு வழியில் வல்லவர். ஆணும் பெண்ணும் ஆகிய இருபால் நிலையையும் ஒருங்கே உடையவராக அம்மக்கள் மதிக்கும் ‘நாத்லே’ வகையினர். ஆதலின் பெண்களுக்குரிய தறியும் அவருக்கு விலக்கன்று. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் நெய்து காட்டியவர். 1919 அளவில் அவர் துணிவான ஒரு காரியத்தைச் செய்தார். இரவு வழியின் சுழலும் மரச் சித்திரத்தை முழுமையாகக் கம்பளியில் நெய்தார். ஊர் அதிர்ச்சியுற்றது. கலைக்கப்பட வேண்டிய சித்திரம் கலையாது நிற்பதா? அழைத்த தெய்வங்களை அனுப்பாது தடுத்து வைப்பதா? நெய்பவரின் கண்ணொளி கெடும் என்றும் ஊருக்குத் தீங்கு வரும் என்றும் அஞ்சினர். தீங்கு நேரவில்லை. கிளா மேலும் பல நெய்தார். தம் மருமக்களான பெண்களுக்கும் கற்பித்து, அவர்களுக்குக் காப்பாகச் சடங்கும் செய்வித்தார்.

கிளா செய்தது துரோகமா, காப்பா? இவ்வினாவை அவருடைய காலத்தில் வைத்தே தீர்த்தல் வேண்டும். பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட காலம் அது. 1883 முதல் இந்தியத் தொல்குடிகளின் சடங்குகளை அரசாங்க விதிகளே ஒடுக்கி வந்தன. ஒன்பது இரவுச் சடங்கை ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்கும் இளைஞர் அருகினர். கிளாவின் கலையைக் கற்றுவந்த உதவியாளர் அவருக்கு முன்னரே இறந்தார். நினைவுதான் ஏடு என்றிருந்த மரபில் நினைவை ஏந்தும் உடல்கள் இல்லாது போயின. கம்பளியில் நெய்தமை அவ்வெறுமைக்கு ஒருவர் கண்ட பரிகாரம். மேரி வீல்றைற் என்னும் செல்வப் பெண்மணி அவருடைய பாடல்களையும் கதைகளையும் பதிவு செய்து, சாந்தா ஃபேயில் ஒரு நூதனசாலையை நிறுவினார். அது திறக்கப்பட்ட 1937ஆம் ஆண்டிலேயே கிளா இறந்தார். அவருடைய நோக்கம் தூயது. அதிற் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அவர் காத்து வைத்தது உருவத்தை. உருவத்தைச் சூழ்ந்து பாடிய சுற்றமும், அதன்மேல் அமர்ந்த நோயாளியும், மணலை அள்ளி அப்பிய கையும் கம்பளியில் வரமாட்டா. சாந்தா ஃபேயின் சுவரில் அச்சித்திரம் எவரையும் குணப்படுத்துவதில்லை. இக்குறை கிளாவின் குறையன்று. கற்பதற்குப் பிள்ளைகளை விட்டுவைக்காத ஆட்சியின் குற்றம்.

இவ்விடத்தில், ‘செயலே அழகு’ என்னும் மூன்றாம் கூற்றை ஆராயலாம். காரி விதர்ஸ்பூன் 1977இல் வெளியிட்ட ‘நவாகோ பிரபஞ்சத்தில் மொழியும் கலையும்’ என்ற நூல் நுட்பமானது. ஐரோப்பியர் அழகைப் பொருளிற் கண்டு அதனைப் பேணிக் காக்கின்றனர். நவாகோ மக்கள் அழகை ஆக்கத்திற் கண்டு, ஆக்கிய பொருளை எளிதில் விட்டுவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. மணற் சித்திரத்தைக் கலைப்பதும் விரிப்பை விற்பதும் இம்மனப்பாங்கின் வெளிப்பாடுகளாக அவருக்குத் தோன்றுகின்றன. கலைஞர் என்று சிலரைத் தனியே பிரித்து வைக்காது, ஏறக்குறைய எல்லோரும் படைக்கும் சமுதாயம் அது என்று அவர் காட்டுவது நாம் போற்ற வேண்டிய உண்மை. ஆனால் கலைப்பதையும் விற்பதையும் ஒரே தட்டில் வைப்பது பெருந்தவறு. மணற் சித்திரத்தை அம்மக்கள் தம் விதிப்படி, அதன் வேலை முடிந்தமையால், தாமே கலைக்கின்றனர். விரிப்போ, மாவு முடிந்தமையால், கடைக் கணக்கில் கடன் ஏறியமையால், பிறர் குறித்த விலைக்குக் கைவிட்டுப் போகின்றது. முன்னது விடுதலை, பின்னது நிர்ப்பந்தம். வறுமை விற்க வைத்ததைத் தத்துவம் துறக்க வைத்ததாகக் கூறுவது வணிகருக்கு மிக வாய்ப்பான அழகியல். ‘அவளுக்குப் பொருளில் நாட்டமில்லை’ என்றபின், குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு மனச்சாட்சி ஏன் உறுத்தப் போகின்றது?

விட்டுவிடுவதில் அவர்களுக்கு அத்துணை விருப்பமாயின், மந்தையையும் விட்டிருக்க வேண்டும். 1930களில் நடந்தது வேறு. மேய்ச்சல் நிலம் அரிக்கப்பட்டு, அவ்வண்டல் கொலராடோ ஆற்றின் ஹூவர் அணையில் நிரம்பும் என்று அஞ்சிய அரசாங்கம், 1933இல் இந்தியத் தொல்குடி விவகார ஆணையாளரான ஜோன் கொலியரின் கீழ் மந்தைக் குறைப்பைத் தொடங்கியது. மண்ணரிப்பு மெய்யே, எனினும் பெண்களே பெரிதும் உடையவராயிருந்த ஆடுகளைக் குறைக்கப் பெண்களைக் கேட்டவர் எவருமிலர். வாங்கிய ஆடுகள் பலவற்றைக் கொண்டுசெல்ல வழியின்றி அவ்விடத்திலேயே சுட்டுக் கொன்று எலும்பு குவியவிட்டனர். மந்தை ஏறத்தாழப் பாதியாகியது. இதே கொலியரின் காலத்தில்தான், 1935இல், தொல்குடிகளின் கைவினைகளை ஊக்குவிக்கவென அரசாங்கச் சபையொன்றும் நிறுவப்பட்டது. ஒரு கை கலையைப் புகழ்ந்தது. மறு கை கலையின் மூலப்பொருளைச் சுட்டு வீழ்த்தியது. மந்தை இழப்பை அப்பெண்கள் இன்றும் தலைமுறை தலைமுறையாகத் துயரமாகச் சொல்கின்றனர்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இவ்வழக்கு இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகின்றன. 2012இல் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த நவாகோப் போர்வையொன்று 18 இலட்சம் டொலருக்கு விலைபோனது. நெய்தவளின் பெயர் எவர்க்கும் தெரியாது. 2014இல் பாரிசில் இரவு வழிச் சடங்கின் முகமூடிகள் ஏழு ஏலத்துக்கு வந்தன. நவாகோ தேசத்தின் பிரதிநிதிகள் அங்கே சென்று, தம் தெய்வங்களின் முகங்களைத் தாமே விலை கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1968இல் நவாகோ மக்கள் தமக்கெனக் கல்லூரி நிறுவினர். 1969 முதல் றஃப் றொக் என்னும் இடத்திலுள்ள அவர்களுடைய பாடசாலையில் முதிய பாடுபவர்கள் சடங்குகளை இளையோருக்கு முறையாகக் கற்பித்தனர். கிளாவின் நினைவோடு தொடங்கிய சாந்தா ஃபே நூதனசாலை 1977இல் புனித மருந்துக் கட்டுகள் பலவற்றை அம்மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. அழியும் தறுவாயிலிருந்த பழைய சூரோ இன ஆடுகளை மீட்கும் முயற்சியும் அதே ஆண்டில் தொடங்கியது. 1968 முதல் நியூ மெக்சிக்கோவின் கிறவுண்பொயின்றில் நெசவாளரே நடத்தும் ஏலத்தில், நெய்தவர் தம் பெயரோடு வாங்குபவர் முன் நிற்கின்றனர்.

திருப்பிக் கொடுத்த கட்டும், மீண்ட ஆடும், பெயரோடு விற்ற விரிப்பும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. ஒரு மக்களின் குறியீடுகளை அகராதியாக்கிப் படிப்பதனால் அவர்தம் கலை விளங்கிவிடாது. அக்கலையைப் பிறப்பிக்கும் நிலமும் மந்தையும் தறியும் பாட்டும் எவர் கையில் உள்ளன, விலையை எவர் குறிக்கின்றனர், எப்போது கலைப்பது எப்போது காப்பது என்பதை எவர் தீர்மானிக்கின்றனர் என்று கேட்டறிதல் விமரிசகனின் முதற் கடமை. நவாகோ மக்களின் சடங்கு நோயாளியை நடுவே இருத்திக் கிழக்கு வாயிலைத் திறந்து வைக்கின்றது. அவர்தம் நெசவுப் பெண்ணும் பிறர் இட்ட கரையினூடே ஒரு நூலளவு வழியைத் திறந்து வைத்தாள். அவ்வழியை அகலமாக்கும் வேலையை இன்று அவளுடைய பேத்தியர் செய்து வருகின்றனர். அவர்களுடைய விரிப்பைப் பார்க்கும் நாம், அதில் என்ன குறி இருக்கின்றது என்று தேடுமுன், அதனை நெய்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கப் பழகுவோமாக.